விளிம்பும் மையங்களும்: ரொறன்ரோத் தமிழ்க் கிறித்தவம் குறித்து ஒரு திறனாய்வு

ஆசிய அமெரிக்க இறையியல் நூல்களுள் ஜங் யங் லீ 1995இல் வெளியிட்ட 'மார்ஜினாலிட்டி' குறிப்பிடத்தக்கது. கொரியாவிற் பிறந்து அமெரிக்காவில் இறையியல் கற்பித்த லீ, புலம்பெயர்ந்த ஆசியரை இரு உலகங்களுக்கு இடைப்பட்டவராகக் கண்டார். அவ்விடைநிலை, இரண்டிலும் நிற்றலாகவும் இரண்டையும் கடந்து நிற்றலாகவும் மாற வல்லது என்றார். இயேசுவையே விளிம்பில் நின்றவராக வாசித்தமை அவர்தம் சிந்தனையின் வலிமை. அவ்வாசிப்பு ரொறன்ரோத் தமிழ்த் திருச்சபைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

லீ காட்டும் அமெரிக்காவில் மேலோங்கி நிற்கும் மையம் வெள்ளையர் சமுதாயமே. ரொறன்ரோத் தமிழ்க் கிறித்தவருக்கோ மையங்கள் பல. 1983ஆம் ஆண்டு இனவன்முறைக்குப் பின் இந்நகருக்குப் பெருந்தொகையாக வந்த ஈழத்தமிழருட் பெரும்பாலோர் சைவர். எனவே கிறித்தவர் தம் சமூகத்துள்ளேயே சிறுபான்மையினர். கனடியக் குடிசன மதிப்பீடு இவர்களைத் 'தெற்காசியர்' என்னும் வகையுள் அடக்குகிறது. ஆயினும், ஸ்காபரோவில் வழிபாட்டுக் கூட்டங்களை உருவாக்கியது அவ்வினப்பெயர் அன்று, தமிழ்மொழியே. தமிழில் திருப்பலி, தமிழில் ஞானப்பாட்டு, தமிழறிந்த குருவானவர் ஆகியனவே மக்கள் வேண்டியவை. இனம் வெளியிலிருந்து இடப்பட்ட பெயர்; மொழி உள்ளிருந்து எழுந்த பிணைப்பு.

ரொறன்ரோவுக்கு வடக்கே, மிட்லண்ட் நகரில் உள்ள மறைசாட்சியர் திருத்தலம் இச்சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. கோடைதோறும் தமிழ்க் கத்தோலிக்கர் அங்குத் திருப்பயணம் செல்கின்றனர். சைவரும் உடன் செல்வதுண்டு. அவர்கள் சுமந்து வருவது மடு அன்னையின் நினைவு. ஒல்லாந்தரின் அடக்குமுறைக்குத் தப்பி, 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட திருவுருவம் அது. மிட்லண்ட் தலமோ, வென்டாட் பழங்குடியினரிடையே பணியாற்றி 1648, 1649ஆம் ஆண்டுகளிற் கொல்லப்பட்ட பிரெஞ்சு இயேசு சபையினரை நினைவுகூர்வது. முன்னரே கொள்ளைநோயால் நலிந்திருந்த வென்டாட் மக்களும் அக்காலப் போரிலேயே சிதறித் தம் நிலத்தை இழந்தனர். அகதி அன்னையை வேண்டி மண்டியிடும் ஏதிலியர், பிறிதொரு மக்கள் இழந்த மண்ணிலேயே மண்டியிடுகின்றனர். இவ்வுறவை விளக்க, இடைநிலை என்னும் கருத்து மட்டும் போதாது.

ஒருவரே ஓரிடத்தில் விளிம்பாகவும் மற்றோரிடத்தில் மையமாகவும் நிற்றல் தமிழ்க் கிறித்தவ வரலாற்றுக்குப் புதிதன்று. திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் எனக் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் அதனை எதிர்த்தனர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்குச் சார்பாக எழுதினார். ஐரோப்பிய ஆயர்முன் அவர்கள் ஆளப்பட்டோர். ஒடுக்கப்பட்ட சாதியார்முன் மேலோர். இனத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் இறையியல் முதல் நிலையையே காணும்.

இதன் விளைவு திருப்பணியில் வெளிப்படும். கனடாவிற் பிறந்த தலைமுறைக்காக ஆராதனை ஆங்கிலத்துக்கு மாறுமிடத்து மொழிப்பிணைப்பு தளர்கிறது, எஞ்சுவது இனப்பெயரே. பள்ளியிலும் பணியிடத்திலும் நிறவெறியைச் சந்திக்கும் இளையோருக்கு லீயின் நூல் உண்மையான துணை. ஆனால், பிறர் நமக்கிழைத்த தீங்கை மட்டுமே பிரசங்கபீடம் பேசுமாயின், நாம் பிறர்க்கிழைத்தது பேசப்படாமலே அவர்களின் மரபுரிமையாகிவிடும். விளிம்பின் இறையியல் தமிழருக்குப் பயன்பட வேண்டுமெனின், 'எம்மை ஒதுக்கியோர் யார்?' என்னும் வினாவோடு, 'எம் சபையில் ஒதுங்கி நிற்போர் யார்?' என்பதையும் அது கேட்டாக வேண்டும்.