மின்துறைக் கூட்டாராய்ச்சி: வலிமையும் வரம்பும்

மின் உற்பத்தியிலும் மின் தொடரமைப்பிலும் நடக்கும் ஆராய்ச்சிக்கு, மற்றத் தொழில்களில் அவ்வளவாகக் காணப்படாத ஓர் இடர்ப்பாடு உண்டு. மருந்து நிறுவனம் தான் கண்டறிந்த மருந்தைக் காப்புரிமையின் துணையோடு விற்று முதலீட்டை மீட்டுக்கொள்கிறது. ஆனால் பல நிறுவனங்களின் மின்நிலையங்களும் கம்பித்தொடர்களும் பிணைந்து ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மின்கட்டமைப்பில், ஒருவர் செலவிட்டுக் கண்ட தீர்வின் பயன் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. ஒருவர் செய்யத் தவறியதன் விளைவும் எல்லோரையும் தாக்குகிறது. ஆகவே தனித்தனி நிறுவனங்கள் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகின்றன. இத்தயக்கத்துக்கு விடையாக எழுந்ததே, நிறுவனங்கள் சந்தா செலுத்தி ஒரு பொது அமைப்பின் வழியாக ஆராய்ச்சி செய்யும் கூட்டாராய்ச்சி முறை. அதன் நிறை குறைகளை எடைபோட, அரை நூற்றாண்டாக இயங்கிவரும் அமெரிக்காவின் மின்திறன் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக எப்ரி, பொருத்தமான சான்று.

எப்ரியின் பின்புலத்தில் ஒரு பெரும் மின்தடை இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்தில், அளவுக்கு மீறி மின்சாரம் பாயும் கம்பித்தொடரைத் துண்டிக்க வேண்டிய ரிலே என்னும் காப்புக் கருவி ஒன்று, 1963இல் குறித்துவைத்த அளவிலேயே விடப்பட்டிருந்தது. அதற்குள் மின்தேவை வளர்ந்துவிட்டதால், 1965 நவம்பர் 9 அன்று மாலை, பழுதே இல்லாத ஒரு தொடரை அது துண்டித்தது. அத்தொடரின் சுமை அருகிலிருந்த நான்கு தொடர்களின்மீது ஏற, அவையும் சில நொடிகளில் துண்டிக்கப்பட்டன. நியூயார்க் நகரம் உட்பட வடகிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 3 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். அடுத்த சில ஆண்டுகளில், மின்விற்பனைமீது தீர்வை விதித்து அரசே ஆராய்ச்சியை நடத்தலாம் என்ற யோசனை அமெரிக்க செனட்டில் எழுந்தது. அது சட்டமாகுமுன் மின்நிறுவனங்கள் தாமே முன்வந்து 1972இல் எப்ரியைத் தொடங்கின; அணுப் பொறியியல் அறிஞர் சான்சி ஸ்டார் அதன் முதல் தலைவரானார்.

இம்முறையின் வலிமையை எடுத்துக்காட்டச் சிறந்த சான்று, ஃபேக்ட்ஸ் எனப்படும் நெகிழ்வு மாறுதிசை மின் தொடரமைப்பு. மாறுதிசை மின்சாரம் எந்தக் கம்பித்தொடரில் எவ்வளவு பாய வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நேரடியாக முடிவுசெய்ய இயலாது. எதிர்ப்பு குறைந்த வழியிலேயே மிகுதியும் பாய்வது அதன் இயல்பு. எனவே ஒரு தொடர் சுமை தாங்காமல் திணறும்போது, இணையான இன்னொரு தொடரின் கொள்ளளவு பயன்படாமல் கிடக்கும். பரோடாவில் பொறியியல் படித்து, பின்னர் எப்ரியில் பணியாற்றிய நாராயண் ஹிங்கோராணி, தைரிஸ்டர் போன்ற உயர்திறன் குறைகடத்திக் கருவிகளைக் கொண்டு இந்தப் பாய்வை நொடியின் சிறு பகுதிக்குள் கட்டுப்படுத்தலாம் என்று 1980களில் முன்மொழிந்தார். ஓரிகன் மாநிலத்தின் ஸ்லாட் துணை மின்நிலையத்தில் 1993இலும், டென்னசியின் சல்லிவன் துணை மின்நிலையத்தில் 1995இலும், கென்டக்கியின் ஐனெஸில் 1998இலும் இக்கருத்தின் வெவ்வேறு வடிவங்கள் நிறுவப்பட்டன. சல்லிவனில் அமைந்த கருவி, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் எதிர்வினைத் திறனை, வேண்டியபோது வழங்கவும் மிகும்போது உள்வாங்கவும் வல்லது.

இங்கே கவனிக்க வேண்டியது கருத்தின் புதுமையை விட, அது களத்துக்கு வந்த விதம். இதுவரை எங்கும் பயன்படாத கருவியை 500 கிலோவோல்ட் தொடரில் பொருத்தி, தன் நுகர்வோரின் மின்சாரத்தைப் பணயம் வைக்க எந்த நிறுவனமும் தனியே துணியாது; வாங்குவோர் இல்லாத கருவியைச் செய்ய எந்த உற்பத்தியாளரும் முன்வரமாட்டார். ஒரு நிறுவனம் தன் துணை மின்நிலையத்தைத் தர, உற்பத்தியாளர் கருவியைத் தர, எப்ரி அறிவையும் நிதிப் பங்கையும் தந்ததால் இடர் பகிரப்பட்டது. ஆய்வகத்துக்கும் களத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைக் கடக்கக் கூட்டாராய்ச்சியை விடச் சிறந்த வழி அரிது.

ஆயினும் அதே முறையின் அடித்தளத்தில் ஒரு பலவீனம் உண்டு: சந்தா என்பது விருப்பத்தைச் சார்ந்தது. 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டமும், கம்பித்தொடர்களைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையும் மின்துறையைப் போட்டிச் சந்தையாக மாற்றியபோது, நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்த நிறுவனங்கள் போட்டியாளர்களாயின. 1993க்கும் 1996க்கும் இடையில் அமெரிக்க மின்நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முழுத் திட்டத்துக்கும் சந்தா கட்டும் வழக்கம் போய், வேண்டிய ஆய்வுகளுக்கு மட்டும் பணம் தரும் வழக்கம் எப்ரியில் வந்தது. இதனால் ஆராய்ச்சி உறுப்பினர்களின் உடனடித் தேவைக்கு நெருங்கி வந்தது என்பதை ஏற்க வேண்டும். ஆனால் யாருடைய உடனடித் தேவையும் அல்லாத, எல்லோருக்கும் பத்தாண்டு கழித்துத் தேவைப்படும் ஆய்வு ஆதரவின்றி நின்றது.

இரண்டாவது குறை, முடிவுகளை யார் பயன்படுத்தலாம் என்பது பற்றியது. மின்னல் தாக்கும்போதும் சுவிட்சுகள் இயங்கும்போதும் எழும் கணநேர மின்னழுத்த ஏற்றத்தைக் கணக்கிடும் இஎம்டிபி என்ற கணினி நிரலை, ஹெர்மன் டாம்மல் தொடங்கிவைக்க, கூட்டாட்சி அரசின் அமைப்பான போனவில் மின் நிர்வாகம் பொதுச் சொத்தாக வளர்த்தது. அதன் மேம்பாட்டுக்கென அமைந்த கூட்டுக் குழுவும் எப்ரியும் அதை வணிகப்படுத்த முனைந்தபோது, அதை வளர்த்தவர்களான ஸ்காட் மேயரும் சூ-ஹுவே லியுவும் உடன்படாமல், 1984இல் ஏடிபி என்ற கட்டணமற்ற நிரலைத் தனியே தொடங்கினர். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சந்தா கட்டியவருக்கே அறிவு என்ற நிலை, மாணவரையும் சிறு நாடுகளையும் வெளியே நிறுத்திவிடும் என்ற எதிர்வாதம் அதைவிட வலிமையானது.

மூன்றாவது குறை, கண்டறிந்ததற்கும் கடைப்பிடிப்பதற்கும் இடையே விழும் காலத்தாழ்வு. 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குக் கட்டமைப்பு சிதைந்தபோது, அதில் எழுந்த மின்திறன் அலைவுகள் அடங்கிவிடும் என்றே கணினி மாதிரி காட்டியது. களத்தில் பதிவான அளவீடுகளோ அவை வளர்ந்துகொண்டே போனதைக் காட்டின. களத்தைப் பரந்த அளவில் அளந்தறியும் கருவி அப்போதே இருந்தது: ஜிபிஎஸ் நேரக் குறிப்போடு, தொலைவிலுள்ள துணை மின்நிலையங்களின் மின்னழுத்தக் கோணங்களை ஒரே கணத்தில் அளக்கும் கட்ட அளவீட்டுக் கருவியை அருண் பட்கேயின் குழு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1988இலேயே உருவாக்கியிருந்தது. எனினும் 2003 ஆகஸ்ட் 14 அன்று ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பாதித்த மின்தடையில், எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்ததை அறியாமலேயே ஒஹையோவில் கட்டுப்பாட்டு அறையினர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பணியாற்றினர். 2009இல் மைய அரசு பொருளாதார மீட்புச் சட்டத்தின் வழியே நிதி வழங்கிய பிறகே இக்கருவிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பொதுப் பாதுகாப்புக்கான கருவியைப் பரவலாக நிறுவப் பொதுப் பணமே தேவைப்பட்டது.

இதனால் அரசு ஆராய்ச்சியே போதும் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. களத்தில் இயங்குவோரின் பங்கு இல்லாத ஆராய்ச்சி அறிக்கைகளோடு நின்றுவிடக்கூடும்; ஸ்லாட்டும் சல்லிவனும், அரசு சார்ந்த மின் அமைப்புகளும் தொழில்துறையும் கைகோத்ததால் கிடைத்த வெற்றிகளே. எனவே திருத்த வேண்டியது கூட்டு முறையை அல்ல, அதன் நிதி வழியையும் முடிவுகளின் உடைமையையும்தான்.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் தொடர் வழியாகத் தென்மண்டலம் இணைந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒற்றைக் கட்டமைப்பாகிவிட்டது. ஒரு மாநிலத்தின் பிழை மற்ற மாநிலங்களையும் எட்டக்கூடும். பெங்களூரில் 1960இல் தொடங்கப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகளோடு மாநில மின்வாரியங்கள் கட்டாயமாகப் பங்கேற்கும் கூட்டு முறை வேண்டும். விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சிறு பங்கை ஒழுங்குமுறை ஆணையங்கள் ஆராய்ச்சிக்கென ஒதுக்கச் செய்ய வேண்டும். அப்பணத்தில் பிறக்கும் நிரல்களும் அளவீடுகளும் முடிவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் கட்டும் மின்கட்டணத்தில் விளையும் அறிவு எல்லோருக்கும் உரியது.