கோட்டையும் கோட்டை செட்டும்

ரைன் நதிக்கரைக் கோட்டை என்றதும் உங்கள் மனசில் ஒரு காலண்டர் படம் வரும். மலை உச்சி, மஞ்சள் நிறச் சுவர், வரிசையாகப் பல்வைத்த மதில், கீழே திராட்சைத் தோட்டம். ஜெர்மனியில் பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நதியை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் கிட்டத்தட்ட 40 கோட்டைகள். படகில் போகிறவர்கள் கேமராவைக் கீழே வைப்பதே இல்லை. அவர்கள் எடுப்பதில் பாதிக்கு மேல் இடிபாடு. இல்லையென்றால் 19-ம் நூற்றாண்டு சரக்கு.

அந்தக் காலண்டர் படத்துக்கு அசல் மாடல் கோப்லென்ஸுக்குத் தெற்கே இருக்கும் ஸ்டோல்ஸன்ஃபெல்ஸ். 13-ம் நூற்றாண்டில் ட்ரியர் ஆர்ச்பிஷப் கட்டிய நிஜக் கோட்டையை 1689-ல் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை கொளுத்திவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த இடிபாட்டை கோப்லென்ஸ் நகரம் 1823-ல் பிரஷ்ய இளவரசர் ஃபிரெடரிக் வில்லியமுக்குப் பரிசாகத் தள்ளிவிட்டது. (பராமரிக்கக் காசில்லாத பொருளைப் பரிசாகக் கொடுப்பது உலக வழக்கம்.) அவர் விடுவாரா! ஷிங்கெல் என்ற பெரிய ஆர்க்கிடெக்டின் திட்டப்படி மறுபடி கட்டி, ராஜாவான பின் 1842-ல் கிரகப்பிரவேசம் செய்தார். விருந்தினர் எல்லோரும் மத்தியகால வேஷத்தில், கையில் தீவட்டியுடன். மாறுவேடப் போட்டிதான், ஆனால் ராஜா வீட்டில்.

ஆற்றின் எதிர்க்கரையில், சில கிலோமீட்டர் தெற்கே, ப்ரௌபாக் என்ற சின்ன ஊருக்கு மேலே நிற்கிறது மார்க்ஸ்பர்க். நதியின் இந்தப் பகுதி மலைக்கோட்டைகளில் எதிரிகளால் அழிக்கப்படாமல் தப்பியது இது ஒன்றுதான். 1283-ல் கட்ஸெனெல்ன்போகன் பிரபுக்கள் (பெயரை நிதானமாகச் சொல்லுங்கள், வரும்) இதை விலைக்கு வாங்கினார்கள். ரைனில் போகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்துக் கொழுத்த குடும்பம். 1479-ல் ஆண் வாரிசு இல்லாமல் போக, ஹெஸ்ஸே அரசர்கள் கைக்கு வந்தது. அப்புறம் ஜெயில். வயதான, ஊனமுற்ற சிப்பாய்களுக்கு விடுதி. அழகுபடுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் பிழைத்தது என்பேன்.

உள்ளே போனால் முதலில் ஏமாற்றம். அறைகள் சின்னது, இருட்டு. பாறையிலேயே வெட்டிய படிகளில் குதிரைகள் ஏறியிருக்கின்றன. நீங்கள் செருப்போடு ஏறினால் வழுக்கும். சமையலறையில் மாட்டையே உள்ளே தள்ளலாம் போன்ற அடுப்பு. கக்கூஸ் சுவருக்கு வெளியே தொங்குகிறது, கீழே திறந்தவெளி. காலண்டர் படத்தில் இது வராது. மத்தியகாலத்துப் பிரபு நம்மைவிட வசதிக்குறைவாக, குளிரில் நடுங்கிக்கொண்டு, அடுத்த படகுக்கு எவ்வளவு தீட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாழ்ந்தார் என்பது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். பழைய குதிரை லாயத்தில் சித்திரவதைக் கருவிகளை வைத்திருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமையலறை சொல்வதில் பாதியைக்கூட அது சொல்லவில்லை.

அப்படியானால் மார்க்ஸ்பர்க் நூறு சதவிகிதம் அசலா? அதுவும் இல்லை. 1900-ல் ஜெர்மன் கோட்டைப் பாதுகாப்புச் சங்கம் இதை வெறும் 1000 மார்க்குக்கு வாங்கியது. சங்கத்தைத் துவக்கிய போடோ எபார்ட் என்ற ஆர்க்கிடெக்ட், வில்ஹெல்ம் டிலிஷ் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்துவைத்த படங்களைப் பார்த்துப் பழுது பார்த்தார். கோபுரத்தின் உச்சியில் வெண்ணெய்ப் பானை மாதிரி ஒடுங்கி நிற்கிற பகுதி அவர் திரும்பக் கட்டியது. 1945 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்து அமெரிக்க பீரங்கிகள் சுட்டதில் மறுபடி அடி, மறுபடி ரிப்பேர். ஆனால் எபார்ட் ஒரு பழைய படத்தைப் பார்த்துத் தைத்தார். பிரஷ்ய ராஜா தன் கனவைப் பார்த்துத் தைத்தார். இரண்டையும் ஒரே பைக்குள் போடக்கூடாது.

இன்னொரு தமாஷ்: ஜப்பானில், ஒகினாவா பக்கம் மியாகோ தீவில், கடற்கரையில் ஒரு மார்க்ஸ்பர்க் இருக்கிறது. 1873-ல் அங்கே உடைந்த ஜெர்மன் கப்பலின் மாலுமிகளைத் தீவுக்காரர்கள் காப்பாற்றினார்கள். அதன் நினைவாக 1990-களில் எழுப்பிய ஜெர்மன் கிராமத்தில் இந்த நகல். போலி என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தான் நகல் என்று அது மறைக்கவில்லையே.

ஸ்டோல்ஸன்ஃபெல்ஸைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 1842-ல் ஒரு ராஜா மத்தியகாலத்தை எப்படிக் கனவு கண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதலில் மார்க்ஸ்பர்க் போங்கள். கோப்லென்ஸிலிருந்து ப்ரௌபாக்குக்கு ரயில் உண்டு, மிச்சம் மலையேற்றம். உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், கைடு கூடவே வருவார். கால் வலிக்க இறங்கிவந்தபின் அக்கரைக்குப் போய் ஸ்டோல்ஸன்ஃபெல்ஸின் பளபளக்கும் மரத்தரையைப் பாருங்கள். கீறல் விழாமலிருக்க ஷூவின் மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டிவிடுவது அங்கே வழக்கம். கீழே, அதே பாறைப் படிகளில் குதிரை ஏறிய ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.