செய்தியும் செயப்பாட்டு வினையும்: தூத்துக்குடியை முன்வைத்துச் சில குறிப்புகள்

'விமர்சனச் சிந்தனை' என்பது இன்று கல்வித்துறைச் சொல்லாடலில் ஓர் அலங்காரச் சொல். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதைப் படைப்பூக்கம், பிரச்சினைகளைத் தீர்த்தல் போன்றவற்றின் வரிசையில் ஒரு 'திறன்' ஆக நிறுத்துகிறது. எதை விமர்சிப்பது, யாரை நோக்கி, விமர்சித்தால் என்ன நேரும் என்கிற கேள்விகளை உருவிவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் இந்தத் திறன். மாணவரை வெற்றுப் பாத்திரமாகவும் ஆசிரியரை அதை நிரப்புகிறவராகவும் கருதும் வங்கிமுறைக் கல்வியை பாவ்லோ ஃப்ரெய்ரே மறுத்தபோது அவர் ஒரு திறனைப் பற்றிப் பேசவில்லை. சொல்லை வாசிப்பதும் உலகத்தை வாசிப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்றுதான் பேசினார். 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நம் பள்ளிகளில் செய்தி இல்லாமல் இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவியோ மாணவனோ முன்னால் வந்து நின்று 'இன்றைய செய்திகள்' வாசிக்கிறார். ஒரு குறள், ஒரு பொன்மொழி, நான்கு தலைப்புச் செய்திகள், பிறகு நாட்டுப்பண். யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்பதற்கான இடமும் அது அல்ல. செய்தி இங்கே வழிபாட்டின் ஒரு பகுதி. குறளைப் போலவே அதுவும் ஒப்பிக்கப்படுகிறது. செய்தியை வகுப்பறைக்குள் கொண்டு வருவது என்பது முதலில் அதை இந்த வழிபாட்டிலிருந்து வெளியே எடுப்பதுதான்.

எங்கே தொடங்குவது? இலக்கண வகுப்பில் தொடங்கலாம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியை எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்கள். 'கரிகாலன் கல்லணையைக் கட்டினான்', 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது'. செய்தவரோடு 'ஆல்' உருபு சேர வேண்டும். சேராவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆனால் செய்தி மொழியில் இந்த 'ஆல்' அநேகமாக இருப்பதில்லை. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி'. 'போராட்டத்தில் வன்முறை வெடித்தது'. பலி கொண்டவர் யார்? வன்முறை தானாக வெடிக்குமா, பட்டாசு மாதிரி? 'பலி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பலி என்றால் கொடுக்கப்படுவது. யார் கொடுத்தது, எந்தச் சாமிக்கு?

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் உற்பத்தியை ஆண்டுக்கு 4 லட்சம் டன்னிலிருந்து இரட்டிப்பாக்கும் திட்டத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியபுரத்தில் போராட்டம் தொடங்கியது. அதன் நூறாவது நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. அன்றும் மறுநாளுமாகக் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தில் 'ஆல்' உருபு இல்லை. ஆனால் 'காவல்துறை' இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். காவல்துறையால் என்றால், யார் உத்தரவால்? முதல் தகவல் அறிக்கைப்படி உத்தரவிட்டவர்கள் துணை வட்டாட்சியர் நிலை அலுவலர்கள். ஒரு துணை வட்டாட்சியர் கையெழுத்தில் இத்தனை பெரிய காரியம் நடக்குமா? அப்படியானால் அந்தக் கையெழுத்துக்கு மேலே யார்? ஊடகங்களைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். உயர் அதிகாரிகள் அவ்வப்போது அவருக்குத் தகவல் தந்துகொண்டிருந்தார்கள், அந்தக் கூற்று தவறு என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. 'ஆல்' என்கிற ஓர் உருபைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கோட்டை வரை போக முடிகிறது.

இந்த மறைப்பு செய்தித்தாளின் கண்டுபிடிப்பு அல்ல. பாடப்புத்தகம் அதற்கு மூத்தது. 'கொற்கையில் முத்துக்கள் எடுக்கப்பட்டன' என்று பெருமையோடு படிக்கிறோம். எடுத்தது யார்? கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயன் கடலின் பெரிப்ளூஸ்' கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. பாண்டியனின் முத்து பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் இல்லை. இந்தக் கடற்கரையின் பிள்ளை தன் வரலாற்றையே 'ஆல்' இல்லாமல்தான் படிக்கிறது.

இரண்டாவது கருவி பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது. 'சுட்டுட்டாங்களாம்லா' என்று தூத்துக்குடிப் பிள்ளை சொல்லும்போது அந்த 'ஆம்' ஒரு முக்கியமான காரியம் செய்கிறது: நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன். கடைசி 'லா' எதிரே இருப்பவரையும் சாட்சிக்கு இழுக்கிறது: உனக்கும் தெரியும்தானே? பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லும் ஒழுக்கம் பேச்சுத் தமிழில் இயல்பாக இருக்கிறது. எழுத்துத் தமிழின் செய்தி நடையோ அதை 'கூறப்படுகிறது', 'தெரிய வருகிறது' என்று மழுங்கடிக்கிறது. யாரால் கூறப்படுகிறது, யாருக்குத் தெரிய வருகிறது என்று கேட்க முடியாதபடி. 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக' என்று ராமேஸ்வரம் மீனவர் பற்றி வரும் செய்திகளின் 'ஆக' யாருடைய கூற்று? இலங்கைக் கடற்படையுடையது. இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் அது உண்மையாக நிலைபெற்றுவிடுகிறது. செய்தியைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லச் சொன்னால் போதும், 'ஆம்' எங்கே வர வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2018 மே 30 அன்று நடிகர் ரஜினிகாந்த், காயம்பட்டவர்களைப் பார்க்கத் தூத்துக்குடி வந்தார். சமூக விரோதிகள் போராட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்றார். 'ஆம்' இல்லை, பார்த்த சாட்சியின் உறுதி. அவரிடம் மருத்துவமனையில் ஓர் இளைஞர் கேட்ட 'யார் நீங்க?' என்ற கேள்வியைப் பலரும் நகைச்சுவையாக்கினார்கள். நல்ல வகுப்பறை அதை அறிவுத்தோற்றவியல் கேள்வியாக எடுத்துக்கொள்ளும். சொல்பவர் யார், எங்கே நின்று சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, தேதிகளை வரிசையாக எழுதுவது. செய்தி ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கிறது. நினைவற்றிருப்பதுதான் அதன் கருத்தியல். 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013 மார்ச் 23 அன்று வாயுக்கசிவுப் புகார். பத்தே நாளில், ஏப்ரல் 2 அன்று, உச்ச நீதிமன்றம் மாசு நடந்ததை ஏற்று 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, மூடும் உத்தரவை ரத்து செய்தது. 2018 மே 28 அன்று, 13 பேர் இறந்த பிறகு, அரசு மூடியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. இவை தனித்தனிச் செய்திகளாக வந்தவை. கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் வேறொரு பிரதி கிடைக்கிறது. நீதிமன்றங்கள் கடைசியில் ஒப்புக்கொண்டதை ஊர்ச்சனம் எத்தனை ஆண்டு முன்பே சொன்னது என்பதைப் பிள்ளைகள் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

'இரண்டு தரப்பையும் சொல்லணும் சார்' என்பார்கள். அதற்கு நம்மிடம் தயாராக இருக்கும் வடிவம் பட்டிமன்றம். ஆலை தருவது வாழ்வா, சாவா? அணிக்கு மூன்று பேர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒரு தீர்ப்பு, கைதட்டல். ஒரு பன்னாட்டுக் குழுமமும் ஒரு கிராமமும் இங்கே சம எடையுள்ள இரண்டு 'கருத்து'களாகிவிடுகின்றன. சமமற்ற அதிகாரத்தைச் சமமான நேர ஒதுக்கீடாக மாற்றுவதுதான் இந்த நடுநிலை.

இதற்கு மாற்று நம் முழக்கங்களை எழுதிப் போடச் சொல்வதும் அல்ல. இதை நம் தோழர்களிடம் சொல்லத்தான் வேண்டும். அந்த பெஞ்சில் குண்டடிபட்டவர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். பக்கத்திலேயே ஆலை மூடியதால் வேலை போன ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையும் இருக்கலாம். 'அப்போ எங்கப்பா வேலை?' என்று அது கேட்டால், அந்தக் கேள்வியை எதிரியின் குரல் என்று ஒதுக்கிவிட்டு விமர்சனச் சிந்தனை பேச முடியாது. வாழ்வையும் மூச்சுக்காற்றையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது யார் என்று அந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கேட்கும் இடத்துக்கு வருவதுதான் பாடம். நம் தரப்பிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் அதே 'ஆல்', அதே 'ஆம்' பொருந்தும். பொருந்தாவிட்டால் நாமும் வங்கிக் கணக்குதான் நடத்துகிறோம், பணம் மட்டும் வேறு. 'எல்லாப் பத்திரிகையும் பொய்' என்கிற சலிப்பும் சிந்தனை அல்ல. அதிகாரத்துக்கு மிக வசதியான மாணவர், எதையும் நம்பாதவர். அவர் எதையும் செய்யவும் மாட்டார்.

ஆசிரியரின் பயம் நிஜமானது. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அரசை விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. 'படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதுக்கு' என்கிற பெற்றோரும் உண்டு. ஆனால் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அரசு ஆவணம். ஓடிக்கொண்டிருந்தவர்கள்மீது சுட்டதாகச் சொல்லும் அந்தப் பக்கங்களையும் 2018 மே 23ஆம் தேதியின் ஏதாவது ஒரு நாளிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடிடச் சொல்லலாம். செய்தவர் பெயர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பட்டியல் போடச் சொல்லலாம். பாடத்திட்டத்தில் இருக்கிற இலக்கணம்தான், எந்த அதிகாரி வந்து கேட்டாலும் காட்டலாம்.

1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதை ஒட்டித் திருநெல்வேலியில் மக்கள் எழுந்தார்கள். போலீஸ் சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். ஆங்கில அரசு எழுதி வைத்த பெயர் 'கலகம்'. அதே நாளைப் பற்றிய ஆ.இரா.வேங்கடாசலபதியின் நூலின் தலைப்பில் இருப்பது 'எழுச்சி'. அந்த ஒரு சொல் மாற நூறாண்டுக்கு மேல் உழைப்பு தேவைப்பட்டது. 2018க்கு என்ன சொல் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அதைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் இப்போது ஏழாம் வகுப்பில் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பி மாற்றவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.