மீனன்வெர்ஃபரும் காமிராவும்

யுத்தப் படம் என்ற பெயரில் நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் வெடிப்புதான். மண் எழும்புகிறது, உடல்கள் தெறிக்கின்றன, பிறகு காதில் ஒரு ரீங்காரம். இதைப் பார்த்துவிட்டு 'யுத்தத்தின் கோரத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது' என்று எழுதும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் உலக யுத்தத்தின் ஒரே ஒரு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, அது திரையில் என்னவாகிறது என்று பார்த்தால், இந்த வெடிப்பு எதை மறைக்கிறது என்பது தெரியவரும்.

ஆயுதத்தின் பெயர் மீனன்வெர்ஃபர். ஜெர்மன் மொழியில் கண்ணிவெடி எறிவது என்று அர்த்தம். 1904-05ல் ஜப்பானியர் போர்ட் ஆர்தரை முற்றுகையிட்டதைக் கவனித்த ஜெர்மன் ராணுவம், அரண்களையும் முள்கம்பி வேலிகளையும் அருகிலிருந்தே தகர்க்கும் ஒரு சாதனம் தேவை என்று உணர்ந்தது. ரைன்மெட்டல் செய்துகொடுத்த 25 சென்டிமீட்டர் மோர்ட்டார் 1910லும், 17 சென்டிமீட்டர் 1913லும் சேவைக்கு வந்தன. கோட்டைக்கென்று செய்தது, 1914க்குப் பிறகு பதுங்குகுழிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இதன் யந்திர விதியில் ஒரு விபரீதம் இருக்கிறது. குண்டு மெதுவாகப் போகிறது. ஆகவே குழாய்க்குள் அழுத்தம் குறைவு. ஆகவே குண்டின் ஓடு மெல்லியதாக இருந்தால் போதும். ஆகவே உள்ளே வெடிமருந்து அதிகம் கொள்ளும். நூறு கிலோவை நெருங்கும் பெரிய குண்டில் ஏறக்குறைய பாதி வெடிமருந்து. வேகத்தைக் குறைத்துக் கொலையைக் கூட்டிய யந்திரம் இது.

எதிர்ப்பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதற்கு 'மின்னி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர் எறிந்த ஒருவகை மோர்ட்டார் குண்டுக்கு 'ரம் ஜாடி' என்று பெயர். ஒரு துப்பாக்கி ரவைக்கு இப்படி உருவத்தை வைத்துப் பெயரிட முடியாது. அதை யாரும் வரும்போது பார்த்ததில்லை. மோர்ட்டார் குண்டைப் பார்க்க முடிந்தது. ஏறும், உச்சியில் ஒரு கணம் தயங்குவதுபோலத் தோன்றும், பிறகு தலைகுப்புற இறங்கும். இடதுபக்கம் ஓடுவதா வலதுபக்கம் ஓடுவதா என்று தீர்மானிக்கச் சில விநாடிகள் கிடைக்கும். அந்த அவகாசமே இந்த ஆயுதத்தின் அனுபவம். வெடிப்பு அதன் முடிவு மட்டும்.

திரைக்கு வருவோம். 1916 ஆகஸ்டில் லண்டனில் 'சோம் யுத்தம்' என்ற டாக்குமெண்டரி வெளியாயிற்று. படமெடுத்தவர்கள் ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மக்டவல். ஆறு வாரங்களில் சுமார் இரண்டு கோடி டிக்கெட்டுகள் விற்றதாகக் கணக்கு. அதில் மோர்ட்டார் இருக்கிறது. ஆனால் அது பிரிட்டிஷ் மோர்ட்டார். காமிரா சுடுகிறவன் பக்கத்தில் நிற்கிறது. வேறெங்கும் நிற்க அதற்கு வழியில்லை என்பது உண்மைதான். அந்தப் படத்தின் மிகப் பிரசித்தமான காட்சி, சிப்பாய்கள் குழியிலிருந்து மேலேறுவதும் அவர்களில் சிலர் சரிவதும், போர்முனையில் எடுக்கப்பட்டதே அல்ல. பின்னணியிலிருந்த ஒரு மோர்ட்டார் பயிற்சிப் பள்ளியில் நடிக்கவைத்து எடுத்தது என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். சாவின் பிம்பமாக உலகம் ஏற்றுக்கொண்டது, மோர்ட்டார் சுடக் கற்றுக்கொள்கிற இடத்தில் தயாரானது.

1930ல் மைல்ஸ்டோனின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' இதற்கு நெருங்கி வந்தது. நிலவறைக்குள் அடைபட்ட சிப்பாய்கள், கூரையிலிருந்து உதிரும் மண், பொறுக்க முடியாமல் உடைந்துபோகும் இளைஞன். காத்திருத்தல் அங்கே நிஜமாகவே நிகழ்கிறது. ஆனால் தாக்குதல் தொடங்கியதும் காமிரா இயந்திரத் துப்பாக்கியின் பார்வையை எடுத்துக்கொண்டு, சரியும் மனிதர்களின் வரிசையோடு ஓடுகிறது. 2016ல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 1' என்ற வீடியோ விளையாட்டில் இந்தப் பயணம் பூர்த்தியாகிறது. மோர்ட்டார் ஆடுகிறவன் கையில். களம் மேலிருந்து தெரியும் வரைபடம். கீழே இருப்பவன் வெறும் குறி. அவன் எதைப் பார்த்தான் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

சினிமாவால் இது முடியாது என்று நான் சொல்லவில்லை. காலத்தையே மூலப்பொருளாகக் கொண்ட கலைக்கு அந்தச் சில விநாடிகள் எட்டாதவை அல்ல. வெடிப்பு சுலபம், விலைபோகும், அவ்வளவுதான். சோம் போரில் மாமெட்ஸ் காட்டில் காயம்பட்ட டேவிட் ஜோன்ஸ் 1937ல் வெளியிட்ட 'இன் பேரன்தெசிஸ்' நூலின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே வருவது மோர்ட்டார் அல்ல, பீரங்கிக் குண்டு. ஆனால் அது வந்து சேர்வதற்குள் மொழி நீண்டு, இறுகி, வாசகனின் மூச்சைப் பிடித்துவைக்கிறது. அவர் குண்டின் அடியில் நிற்கிறார்.

இது ஐரோப்பிய சமாச்சாரம் மட்டுமல்ல. 1915ல் வில்ஃபிரெட் ஸ்டோக்ஸ் வடிவமைத்த எளிய குழாய், வாயில் குண்டை நழுவவிட்டால் அடியிலுள்ள ஊசியில் மோதிக் கிளம்பும் குழாய், இன்றைய மோர்ட்டார்களின் மூதாதை. ஈழத்துத் தமிழில் ஷெல்லும் பங்கரும் வீட்டுச் சொற்களாகிப்போனது அதன் சந்ததிகளால். கிளம்பும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் நடுவில் வாழ்ந்த ஜனங்கள் நம் மொழிக்காரர்கள். அந்த யுத்தத்தைப் பற்றி ஒரு கதையோ கவிதையோ கைக்கு வரும்போது, அதில் எத்தனை குண்டு வெடிக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. அந்த இடைவெளி இருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலானவற்றில் இல்லை.