சாயமும் சங்கற்பமும்

கலம்காரித் திரையொன்றின் முன் நிற்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கதையைத்தான் தேடுகிறார்கள். நடுக்கட்டத்தில் பட்டாபிஷேகம் இருப்பதைக் கண்டு, சுற்றிலும் உள்ள சிறு கட்டங்களில் அசோகவனத்தையும் சேதுபந்தனத்தையும் அடையாளம் சொல்லி, கீழே ஓடும் தெலுங்கு எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் அவரைக் கொண்டு படிக்கவும் செய்து, 'ராமாயணம்' என்று தீர்மானித்துவிட்டு அடுத்த திரைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கதையை அறிவது நல்லதுதான். ஆனால் அது நமக்கு முன்பே தெரிந்த கதை. ஒரு கலைஞன் பல நாட்களுக்கு முன்பே மனத்தில் நிறுத்திக்கொண்ட சங்கற்பம், நீரிலும் நெருப்பிலும் வெயிலிலும் புகுந்து புறப்பட்டு, கடைசியில் வர்ணமாக வெளிப்பட்டிருக்கும் விதத்தை அந்தத் துணியில்தான் பார்க்க முடியும். அதைப் பார்க்கக் கண்ணுக்குச் சற்றே பழக்கம் வேண்டும்.

கறுப்புக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். தமிழில் சித்திரம் தீட்டுவதற்கும் 'எழுதுதல்' என்று ஒரு பெயர் உண்டு. கலம்காரிக்கு அது மிகப் பொருத்தம், ஏனெனில் 'கலம்' என்ற பாரசீகச் சொல்லுக்கே எழுதுகோல் என்றுதான் அர்த்தம். அந்த எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி. சீவிய முனைக்குச் சற்று மேலே கம்பளியையோ பழந்துணியையோ உருண்டையாகச் சுற்றி, நூலால் இறுகக் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்தவுடன் அந்தச் சுற்று சாயத்தைக் குடித்துக்கொள்ளும். விரல்கள் அதை அழுத்தும் அளவுக்கு ஏற்பச் சாயம் முனைவழியே இறங்கும். ஆகையால் கோட்டின் தடிப்பும் மெலிவும் விரல்களின் அழுத்தமேயன்றி வேறில்லை. ஒரு தேவியின் தோளில் புறப்பட்டு முழங்கையில் திரும்பி மணிக்கட்டில் வந்து நிற்கும் கோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, அது எங்கே தொடங்கி எங்கே ஓய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சாயம் தீர்ந்து கலத்தை எடுத்த இடத்தில் கோடு மெலிந்திருக்கும். மீண்டும் தோய்த்து வைத்த இடத்தில் கடுகளவு தடித்திருக்கும். தேர்ந்த கை அந்த ஒட்டை வளையலின் விளிம்பிலோ ஆடையின் மடிப்பிலோ மறைத்துவிடும். அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கை துணியின்மேல் போன வழியிலேயே நம் கண்ணும் போகத் தொடங்கும்.

அந்தக் கறுப்பைத் திருத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்தால் கிடைக்கும் கஷாயமே அந்த மை. கலத்திலிருந்து இறங்கும்போது மங்கலாக இருக்கும் அது, துணியில் ஏறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கறுத்துப்போகும். கறுத்த பிறகு தண்ணீருக்கும் வெயிலுக்கும் மசியாது. நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் கூட்டி மசி காய்ச்சி எழுதியதும் இதே தத்துவத்தைக் கொண்டுதான். புளியங்குச்சியைக் கருக்கிய கரியால் முதலில் போடும் உருவரையைத் தட்டினால் உதிர்ந்துவிடும். அதுவரையில்தான் மனம் மாறுவதற்கு இடம்.

எழுதத் தொடங்குமுன் கோராத் துணியை வெளுத்துக் கஞ்சி நீக்கி, கடுக்காய்ப்பொடி கலந்த எருமைப்பாலில் நனைத்துப் பிழிந்து காயவைப்பார்கள். கடுக்காய் சாயத்தைப் பிடித்து வைக்கும்; பாலின் கொழுப்பு அது கோட்டை மீறிக் கசியாமல் தடுக்கும். புதிய கலம்காரியை முகர்ந்தால் பழைய பாலின் வாடை லேசாக வருவதை அனேகர் குறையாகச் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது துணி முறைப்படி பக்குவமானதற்கு அத்தாட்சி.

இனிச் சிவப்புக்கு வருவோம். இந்தக் கலையின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. கலம்காரிக் கலைஞன் சிவப்பைச் சிவப்பாகப் பூசுவதில்லை. எங்கெங்கே சிவப்பு வரவேண்டுமோ அங்கெல்லாம் படிகாரக் கரைசலைத் தடவுகிறான். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. காய்ந்த பிறகு துணியை ஓடும் நீரில் அலசி மிகுதியைப் போக்கிவிட்டு, மஞ்சிட்டியோ சாயவேரோ இட்ட அண்டாவில் போட்டுக் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சிவக்கின்றன. மற்ற இடங்களில் ஒட்டிய செந்நிறத்தைச் சாணநீரும் வெயிலும் ஆற்று நீரும் மெல்ல மெல்ல வாங்கிவிடுகின்றன. கரைசல் கெட்டியாக இருந்த இடத்தில் அடர்ந்த சிவப்பு, நீர்த்திருந்த இடத்தில் இளஞ்சிவப்பு. எனவே ஒரே அண்டாவில், ஒரே கொதியில், ஒரு பூவின் இதழ்கள் இரண்டு மூன்று சாயைகளில் மலர்ந்து வெளிவர முடியும். ஆனால் அந்தச் சாயைகளைப் பிரித்து வைத்தவன், பிரித்து வைத்த சமயத்தில், அவற்றைக் கண்ணால் காணவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீகாளஹஸ்தியில், ஸ்வர்ணமுகி நதிக்கரைக்குச் சமீபமான ஒரு பட்டறையில், வயது முதிர்ந்த கலைஞர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு, மொத்தையான கலத்தால் ஒரு யானையின் முதுகு விரிப்பில் படிகாரம் ஏற்றிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் காயக் காய, அவர் கை போன இடம் கண்ணைவிட்டு மறைந்துகொண்டே வந்தது. "எங்கே வைத்தோம், எங்கே விட்டோம் என்று குழப்பம் வராதா, ஐயா?" என்று கேட்டேன். எல்லைப்புறத்துத் தெலுங்கு வாசனை வீசும் தமிழில் அவர் சொன்னார்: "கறுப்புக் கோடு போடுறப்பவே எது சிவப்பு, எது மஞ்சள்னு முடிவாயிடும் சார். படிகாரம் வைக்கிறப்ப யோசிச்சா துணி வீணாப்போயிடும்." சொல்லிவிட்டு, கலத்தைத் தோய்த்து, விட்ட இடத்திலிருந்தே அவர் தொடர்ந்தார். பூஜைக்கு உட்காருகிறவர் முதலில் சங்கற்பம் செய்துகொள்வதைப் போல, கலம்காரியிலும் வேலையின் முடிவு வேலைக்கு முன்பே ஸ்திரப்பட்டுவிடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாயிற்று.

நீலத்தின் சங்கதியும் ஏறக்குறைய இத்தகையதே. பழங்காலத்துச் சோழமண்டலக் கரைத் துணிகளில், நீலம் வேண்டாத பாகங்களையெல்லாம் மெழுகால் மூடி, துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். தொட்டியிலிருந்து வெளிவரும் துணி பசுமஞ்சளாகவே இருக்கும்; காற்றுப்பட்ட பிறகுதான் நீலமாகும். சிவந்த இதழுக்குள் மயிரிழை போல ஓடும் வெள்ளை நரம்புகளைப் பழைய துணிகளில் கண்டால் அங்கே சற்று நில்லுங்கள்: வெள்ளைச் சாயம் ஏதுமின்றி, மெழுகால் முன்கூட்டியே எழுதிக் காப்பாற்றி வைத்த துணியின் சொந்த வெண்மை அது. இப்போது நீலத்தைப் பெரும்பாலும் கலத்தாலேயே தீட்டிவிடுகிறார்கள். மஞ்சளின்மேல் நீலம் ஏறினால் பச்சை.

இந்தச் சாயங்களின் ரகசியத்துக்காக ஐரோப்பா தவம் கிடந்த காலம் உண்டு. பிரெஞ்சு அரசாங்கம் தன் நாட்டு நெசவாளர்களைக் காப்பதற்காக 1686-இல் இத்தகைய துணிகளைத் தடைசெய்து, 1759 வரையில் அந்தத் தடையை நீக்கவில்லை. அப்படியும் மோகம் அடங்கவில்லை. தென்னிந்தியாவில் ஊழியம் செய்துவந்த கூர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, 1742-இல் பால், கடுக்காய், படிகாரம், சாயவேர், மெழுகு என்று ஒவ்வொரு படியையும் விவரமாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். முறை கடல் கடந்தது. ஆயினும் கரையோரச் சுண்ணாம்பு மணலில் விளைந்த சாயவேர் கொடுத்த பளிச்சென்ற சிவப்பு இந்த மண்ணோடும் நீரோடும் பிணைந்ததாகவே இருந்தது.

கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கையால் எழுதியதா, அச்சா? மச்சிலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் மர அச்சுகளால் செய்வதும் கலம்காரி என்றே வழங்குகிறது, அதுவும் நயமான வேலைதான். ஆனால் அதை ரசிக்கும் முறை வேறு. ஒரே பூ இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். அச்சில் இரண்டும் ஒன்றாக இருக்கும். கையெழுத்தில் ஓர் இதழாவது மாறியிருக்கும். ஆலையில் இயந்திரம் அடித்துத் தள்ளும் போலிகளின் நிலை வேறு. அவற்றின் சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கூச்சலிடும். அவற்றுக்குக் கலம்காரி என்ற பெயரை இடுவது, பட்டறையில் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆந்திரம் வரையில் போக இயலாதவர்களுக்கு நம் காவிரிப் படுகையிலேயே சிக்கல்நாயக்கன்பேட்டை இருக்கிறது. கோயிலுக்கென்றே அங்கே எழுதப்படும் தொம்பைகளையும், மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரிகளையும், சுவரில் மாட்டிச் சட்டமிட்ட நிலையில் பார்ப்பதைவிட, உற்சவ காலத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும்போது பார்ப்பதே சிறப்பு. உருளையான தொம்பையைச் சுற்றி வந்தால்தான் அதில் எழுதியிருப்பது முழுவதும் தெரியும். காற்றில் அது தானே திரும்பும்போது நாம் நின்ற இடத்திலேயே நிற்கலாம். 'கருப்பூர்க் கலம்காரி' என்ற பெயரில் இந்தப் பகுதியின் கலைக்குப் புவிசார் குறியீடும் 2021-இல் கிடைத்தது. ஆனால் அந்தக் கலை தெரிந்த குடும்பங்கள் மிகச் சில.

பட்டறைக்குச் செல்வதாக இருந்தால், முடிந்த திரைகளை அடுக்கிக் காட்டுமுன், அண்டாவுக்குப் போகக் காத்திருக்கும், படிகாரம் ஏற்றிய துணி ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். கறுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் அந்த இடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு சிவப்பைப் பாருங்கள்.