ஹெர்குலிஸ் அட்டை

1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு இரண்டு திரை அட்டைகள் இருந்தன. எம்டிஏ எழுத்தைக் கூர்மையாகக் காட்டும், படம் காட்டாது. சிஜிஏ நிறத்தோடு படம் காட்டும். எழுத்தோ சொரசொரவென்று கண்ணை உறுத்தும். முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் தட்டச்ச விரும்பிய வான் சுவன்னுகுலுக்கு இரண்டுமே உதவவில்லை. உயிர்க்குறிகளும் தொனிக்குறிகளும் தலைமேல் அடுக்கடுக்காக ஏறும் எழுத்து அது. எனவே அவரே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982இல் பிறந்த ஹெர்குலிஸ் அதுதான்.

ஒரே நிறம், 720×348 புள்ளிகள், 64 கேபி நினைவகம். எம்டிஏவின் அதே திரையில், அதே கூர்மையோடு, ஒவ்வொரு புள்ளியையும் தனியே ஏற்றி அணைக்கலாம். தன் மொழியை எழுதியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து வந்தது என்பதாலேயே, பழைய அட்டைகளில் எனக்கு இதுதான் முதலிடம்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகல்கள் ஏராளம், அவையும் நன்றாகவே ஓடும். உண்மையில் அரிது திரைதான். இன்றைய மானிட்டர்களில் இந்த அட்டையை நேரடியாகப் பொருத்த முடியாது. ஐபிஎம் 5151 போன்ற ஒன்று வேண்டும். அதன் பச்சை ஒளி உடனே அணையாது; வரிகள் மேலே நகரும்போது முந்தைய எழுத்தின் சாயல் ஒரு கணம் தங்கிக் கரையும். அந்த அழகுக்காகவே கனத்த பெட்டியைச் சுமக்கலாம்.

சிஜிஏவையும் கூடவே பொருத்தலாம் என்பது இன்னொரு வசதி. அன்றைய நிரலாளர்கள் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு, மறுதிரையில் அதன் பிழைகளைத் தேடினார்கள்.