குடும்ப வண்டியில் குன்சும் கணவாய்: கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்

மலைப்பயணத்துக்கென்று தனியாக ஒரு ஜீப் வாங்கி நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் ஓடுகிற வண்டிதான் விடுமுறை வந்தால் மலையும் ஏறியாக வேண்டும். டெல்லியில் குடியிருக்கும் நாங்கள் மாருதி சுசுகி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் (நான்கு சக்கர இழுவை) மாடலை வாங்கியது இந்தக் கணக்கில்தான். ஜூன் மாதம் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தோம். இந்த வண்டி அங்கே போகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போகும். ஆனால் எவ்வளவு சுமையை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எப்படிப் போகும் என்பது அமையும்.

2022-ல் வந்த வண்டி இது. 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின், 103 குதிரைத்திறன், 5 மேனுவல் கியர். சாதாரண சாலையில் முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. வழுக்கல் தெரிந்தால் மின்னணு கப்ளிங் ஒன்று பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்புகிறது. கியருக்குப் பக்கத்தில் உள்ள திருகுகுமிழில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என நான்கு நிலைகள். லாக் வைத்தால் பின்சக்கரங்களுக்கு விசை விடாமல் போய்க்கொண்டிருக்கும். வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தி, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்பிவிடும்.

இந்த ஏற்பாடு வேலை செய்வதைப் பார்க்க, ஸ்பிதியிலிருந்து மணாலி போகும் வழியில் பாட்டலுக்கும் கிராம்புவுக்கும் இடைப்பட்ட பாதைதான் சரியான இடம். சந்திரா ஆற்றை ஒட்டி உருண்டைக் கற்களின்மேல் போகும் வழி. பனி உருகிவரும் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. வெயில் ஏற ஏற தண்ணீரும் ஏறும், அதனால் காலையிலேயே கடந்துவிடுவது உத்தமம். ஓடைக்குள் ஒரு முன்சக்கரம் கல்லில் ஏறி மறுசக்கரம் வெறுமனே சுற்றும்போது ஒரு நொடி தயங்கி, பிரேக் கரகரவென்று சத்தம் போட்டு, பிறகு வண்டி தானாக முன்னே நகரும். அந்த ஒரு நொடியில் பதறி ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. ஒரே சீராக அழுத்திப் பிடித்திருந்தால் போதும். முன்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டிகளும் இந்த வழியில் போய்வருகின்றன, உண்மைதான். பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும்போது அந்தக் கூடுதல் பிடிப்புக்குக் கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

என் மனக்குறை இன்ஜினில்தான். இதில் டர்போ கிடையாது. அதே வழியில் வரும் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். காற்று குறைந்தால் எரிதலும் குறையும். கணக்குப் போட்டால் 103 குதிரைகளில் ஏறத்தாழ 60 மட்டுமே மிஞ்சும். டர்போ உள்ள இன்ஜின் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். போதாததற்கு, ஜீப்களில் இருக்கும், இழுவிசையைப் பெருக்கும் லோ ரேஞ்ச் கியரும் இதில் இல்லை. ஆகவே செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் முதல் கியர்தான் கதி. அதிலும் நின்றுவிட்டுக் கிளம்பினால் பாதி கிளட்சில் உறுமியபடிதான் ஏற வேண்டியிருக்கும். இரண்டு முறை தொடர்ந்து அப்படிச் செய்தால் மேனுவல் வண்டியில் கிளட்ச் தீயும் வாடை வரக்கூடும். முன்னால் போகும் லாரி வளைவைத் தாண்டும்வரை கீழேயே காத்திருந்து, பிறகு 3,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஒரே மூச்சில் ஏற்றுவது நல்லது.

இங்கேதான் சுமை முக்கியமாகிறது. குதிரைத்திறனில் 40 காணாமல் போன வண்டியில் ஒவ்வொரு கிலோவும் தெரியும். 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று விளம்பரத்தில் படிப்பது வெறும் வண்டிக்கான அளவு. நான்கு பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் ஸ்பிரிங் அமுங்கி அது குறைந்துவிடும். டெல்லியில் தட்டாத கல் அங்கே அடிவயிற்றில் தட்டும். கூரைமேல் கூடாரம், இரும்பு கேரியர், மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி என்று ஓவர்லேண்டிங் (வண்டியிலேயே தங்கிப் போகும் நெடும்பயணம்) படங்களில் பார்ப்பதையெல்லாம் இந்த வண்டிமேல் ஏற்றுவது அதற்குச் செய்யும் அநியாயம். கூரையில் எதை ஏற்றினாலும் வளைவில் வண்டி சாயும் போக்கு கூடுகிறது. பின்சீட்டை மடித்தாலும் டிக்கித் தளத்தோடு சமமாகப் படியாது, வண்டிக்குள் படுக்கலாம் என்ற திட்டமும் வேண்டாம். நாக்கோ, தாபோ, காசா எங்கும் வீட்டோடு தங்கும் அறைகள் கிடைக்கின்றன. சூடான பருப்பும் சோறும் போடுகிறார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு சிறு அடுப்பு, கம்பளிகள் என்று நிறுத்திக்கொண்டோம்.

அந்தக் கூரைக் கூடாரத்துக்குக் கொடுக்கும் பணத்தில், கற்பாதைக்கேற்ற பக்கவாட்டு வலுவுள்ள நல்ல ஏ/டி (ஆல் டெரெய்ன்) டயர்கள் வாங்கலாம். கூடவே சிகரெட் லைட்டர் பாயின்டில் சொருகும் காற்று பம்பும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் அவசியம். கற்பாதையில் 26, 28 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் கல்லை அணைத்துப் போகும், பிள்ளைகளின் இடுப்பும் தப்பிக்கும். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியை ஊரிலேயே இறக்கி, அளவையும் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் பெரிய கவலையில்லை. டாங்க் 45 லிட்டர்; மலையில் எனக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைத்தது. ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் நிரப்பினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி காசாவில் பங்க் இருக்கிறது. வழியைப் பற்றி ஒரு வார்த்தை: மணாலி பக்கமாக நுழையாமல் சிம்லா, கல்பா, நாக்கோ என்று போங்கள். உயரம் படிப்படியாகக் கூடும். பிள்ளைகளின் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும்.

இதே நிறுவனத்தின் ஜிம்னியில் லோ ரேஞ்ச் உண்டு, ஏறுவதில் இதை அது மிஞ்சிவிடும். ஆனால் அதன் டிக்கி 208 லிட்டர்தான். நால்வரின் கம்பளிக்கே இடம் போதாது. தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள் அதையே வாங்கலாம். குடும்பத்துக்கு நான் கிராண்ட் விட்டாராவைத்தான் சொல்வேன், அதுவும் 2025-ல் ஆல்கிரிப்புக்கு வந்த 6 வேக ஆட்டோமேட்டிக்கை. டார்க் கன்வெர்ட்டர் என்பதால் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கருக கிளட்ச் இல்லை, மெல்ல ஊர்ந்து ஏறவும் வசதி. என்னுடைய மேனுவலை மாற்றும் நாளில் நான் வாங்கப்போவதும் அதுதான்.